பழைய பிக்கப்புக்கு மேனுவல் ஸ்டீயரிங்கா, பவர் ஸ்டீயரிங்கா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் பெயின்ட், எஞ்சின் என்று எங்கெங்கோ சுற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் ஸ்டீயரிங்கில் வந்து நிற்பார்கள். "கை விட்டுப்போகுதுங்க, பவர் போட்டுடலாமா?" என்பதுதான் முதல் கேள்வி. அதைத் தொடர்ந்து வரும் சந்தேகங்களும் ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை. அதனால் அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். 1940-களின் கடைசியிலிருந்து 1970-கள் வரை வந்த செவர்லே 3100, செவர்லே சி10, ஃபோர்டு எஃப்-100 போன்ற வண்டிகளை மனதில் வைத்து எழுதியது இது. அதே அமைப்புள்ள வேறு வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. பழைய பிக்கப்புக்கு பவர் ஸ்டீயரிங் கண்டிப்பா வேணுமா?

கண்டிப்பாக வேண்டும் என்று இல்லை. மேனுவல் என்றால் கையின் பலம் மட்டும், பவர் என்றால் எண்ணெய் அழுத்தமோ மோட்டாரோ கைக்கு உதவும். இந்த வண்டிகளில் பெரும்பாலானவை மேனுவல் ஸ்டீயரிங்கோடுதான் தொழிற்சாலையிலிருந்து வந்தன. மூட்டை ஏற்றிக்கொண்டு, மண் பாதையில், தினமும் ஓடின. நல்ல நிலையில் இருக்கும் மேனுவல் ஸ்டீயரிங், வண்டி மெல்ல உருளத் தொடங்கியதுமே லேசாகிவிடும். நிற்கும் வண்டியில் திருப்பும்போதுதான் அதன் கனம் முழுசாகத் தெரியும்.

நான் பார்த்தவரை, "கனமா இருக்கு" என்று வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் உண்மையில் நோய்பட்ட ஸ்டீயரிங். அந்த நோயைத் தீர்க்காமல் மேலே பவரைப் பூட்டினால் நோய் மறைந்துகொள்ளும், போகாது. எனவே முதலில் 4-ம் கேள்வியில் சொல்லும் சோதனையைச் செய்யுங்கள். எது வேண்டும் என்ற முடிவை அதற்கு அப்புறம் எடுக்கலாம்.

2. ரெண்டுக்கும் வித்தியாசம் அந்த ஹைட்ராலிக் உதவி மட்டும்தானா?

இல்லை, விகிதமும் வேறு. வீலின் சுற்றைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஸ்டீயரிங் கியர் பெட்டியைத்தான் பாக்ஸ் என்கிறோம். மேனுவல் பிக்கப் பாக்ஸ்களில் விகிதம் சுமார் 24:1 இருக்கும். ஸ்டீயரிங் வீலை 24 டிகிரி சுற்றினால்தான் கீழே பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து நீளும் கை) ஒரு டிகிரி நகரும் என்று அர்த்தம். இப்படிச் சுற்று கூடுவதால் கைக்கு வேண்டிய பலம் குறைகிறது. பவர் பாக்ஸில் எண்ணெய் அழுத்தம் பலத்தைக் கொடுத்துவிடுவதால் விகிதத்தை 16:1 அல்லது 17:1 அளவுக்கு இறக்கிவிடுவார்கள்.

ஓட்டும்போது இது நன்றாகவே தெரியும். மேனுவலில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒடிக்க ஐந்து, ஆறு சுற்று ஆகும். பவரில் மூன்றரை, நான்கு சுற்றில் முடிந்துவிடும். திடீரென்று எதையாவது தவிர்க்க வேண்டி வந்தால் அந்த இரண்டு சுற்று பெரிய விஷயம். பவர் ஸ்டீயரிங்கின் லாபம் கைவலி குறைவது மட்டும் என்று நினைப்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

3. அந்தக் காலத்துல எல்லாரும் மேனுவல்லதானே ஓட்டினாங்க? இப்ப மட்டும் ஏன் இவ்வளவு கனம்?

அவர்கள் ஓட்டிய வண்டி வேறு, இன்று உங்களிடம் இருக்கும் வண்டி வேறு. அன்று 6.00-16, 6.50-16 போன்ற ஒல்லியான டயர்கள். ஸ்டீயரிங் வீல் 17, 18 இன்ச் விட்டம். முன்னால் பெரும்பாலும் ஆறு சிலிண்டர் எஞ்சின். இன்று அதே வண்டியில் அகலமான ரேடியல் டயர், வெளியே துருத்திக்கொண்டிருக்கும் வீல், கனமான வி8, அழகுக்காக 14 இன்ச் ஸ்டீயரிங் வீல் எல்லாம் ஏறியிருக்கும். 17 இன்ச்சிலிருந்து 14 இன்ச்சுக்கு இறங்கினாலே கை கொடுக்க வேண்டிய பலம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும்.

வீல் வெளியே தள்ளியிருப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிங் பின்னின் (முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு) கோட்டை அப்படியே தரை வரை நீட்டினால், அது டயரின் நடுவுக்கு அருகில் தரையைத் தொட வேண்டும். வீல் வெளியே போகப்போக டயர் நின்ற இடத்தில் திரும்பாமல் ஒரு வட்டத்தில் உருளப் பார்க்கும். கனமும் கூடும், குழியில் இறங்கும்போது ஸ்டீயரிங் கையை உதறவும் செய்யும்.

4. வண்டி இயல்பாவே கனமா, இல்ல எங்கயாவது இறுகியிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பின் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். இரண்டு முன் டயரும் அந்தரத்தில் இருக்க வேண்டும். இப்போது ஸ்டீயரிங் வீலை இரண்டு விரலால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்புங்கள். தரையில் டயர் தேயாத நிலையில் அது வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அந்தரத்திலும் கனமாக இருந்தால் பழி டயர்மேல் இல்லை, உள்ளே ஏதோ பிடிக்கிறது.

அடுத்து, பிட்மேன் ஆர்மிலிருந்து டிராக் லிங்க்கை (அந்த ஆர்மின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) கழற்றிவிட்டு மறுபடி திருப்புங்கள். இப்போது பாக்ஸும் காலமும் (ஸ்டீயரிங் வீலிலிருந்து பாக்ஸுக்கு இறங்கும் தண்டு, column) மட்டும்தான் சுற்றும். இன்னும் கனம் என்றால் பாக்ஸ், அல்லது காலத்தின் மேல் பேரிங், அல்லது இழுத்துக் கோணலாகப் பூட்டிய காலம். லேசாகிவிட்டால் குற்றவாளி கீழே இருக்கிறது. ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பார்த்தால் கிங் பின்னா, டை ராடு (இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) முனையா என்று தெரிந்துவிடும்.

நண்பர் ஒருவர் தன் 1964 பிக்கப்புக்கு பவர் பாக்ஸ், பம்ப் எல்லாம் வாங்கி அடுக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். தூக்கிப் பார்த்தோம். அந்தரத்திலும் இரண்டு கையால் இழுத்தால்தான் திரும்பியது. டிராக் லிங்க்கைக் கழற்றியதும் பாக்ஸ் வெண்ணெய் மாதிரி சுற்றியது. கிங் பின் நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் உள்ளே போகவே இல்லை. நிப்பிளைக் கழற்றினால் உள்ளே பழைய கிரீஸ் காய்ந்து மெழுகு மாதிரி இருந்தது. மெல்லிய கம்பியால் குத்தி எடுத்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஒரு இரவு ஊறவைத்து, மறுநாள் சக்கரத்தை ஆட்டிக்கொண்டே அடித்தோம். முதலில் செங்கல் நிறத்தில் துரு வந்தது, அப்புறம் கறுப்பு, அதற்கப்புறம் புதிய கிரீஸ். அன்று மாலை ஒரு கையால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். வாங்கிய பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

5. கிரீஸ் மாசாமாசம் அடிக்கிறேனே, அப்புறம் எப்படி இறுகும்?

வண்டி தரையில் நிற்கும்போது அடிப்பீர்கள். எடை முழுவதும் கிங் பின்னின் அடித் தாங்கிமேல் அமுங்கியிருக்கும்போது கிரீஸ் அந்த இடுக்குக்குள் நுழையாது, சுலபமான வழியாக வெளியே வழிந்துவிடும். நீங்களும் வழிவதைப் பார்த்துவிட்டுப் போதும் என்று நிறுத்திவிடுவீர்கள். முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு, சக்கரத்தை இருபுறமும் திருப்பிக்கொண்டே அடியுங்கள்.

6. ஸ்டீயரிங்ல நாலு இன்ச் ஆட்டம் இருக்கு. பவர் போட்டா போயிடுமா?

போகாது, பவர் போட்டால் இன்னும் மோசமாகத் தெரியும். ஆட்டம் என்பது பாக்ஸிலும், டை ராடு முனைகளிலும், கிங் பின்னிலும், வீல் பேரிங்கிலும் சேர்ந்த தேய்மானம். பவர் பாக்ஸைப் போட்டால் பழைய பாக்ஸில் இருந்த பங்கு மட்டும் குறையும். மிச்சம் அப்படியே இருக்க, எண்ணெய் அழுத்தம் வேறு அந்தத் தேய்ந்த மூட்டுகளைப் பலமாகத் தள்ளும்.

இந்தக் காலத்து வண்டிகளில் வீலின் விளிம்பில் ஓர் இன்ச், ஒன்றரை இன்ச் ஆட்டத்தை நான் பொறுத்துக்கொள்வேன். இரண்டைத் தாண்டினால் தேட ஆரம்பிப்பேன். ஒருவர் உள்ளே உட்கார்ந்து வீலைச் சின்னதாக இடமும் வலமும் ஆட்டட்டும், மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின்மேலும் விரலை வைத்துப் பார்க்கட்டும். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையவில்லையோ, அது போய்விட்டது. பாக்ஸையே பூட்டியிருக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். அவை தளர்ந்து பாக்ஸே சேஸிஸில் அசைவதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

7. பாக்ஸ் மேல இருக்கற ஸ்க்ரூவ இறுக்கினா சரியாயிடும்னு மெக்கானிக் சொல்றாரே?

பாதி சரி. பாக்ஸில் இரண்டு சரிப்படுத்தல்கள் உண்டு. ஒன்று வார்ம் (பாக்ஸுக்குள் சுற்றும் திருகு வடிவக் கியர்) பேரிங்கின் இறுக்கம், மற்றது மேலே தெரியும் அந்த ஸ்க்ரூ. வரிசை முக்கியம்: மேல் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, முதலில் பேரிங்கைச் சரிசெய்ய வேண்டும். அப்புறம்தான் ஸ்க்ரூவுக்கு வர வேண்டும்.

அந்த ஸ்க்ரூவையும் பாக்ஸ் நட்டநடுவில் இருக்கும்போதுதான் தொட வேண்டும். பாக்ஸ் நடுவில் சற்று இறுக்கமாகவும் ஓரங்களில் தளர்வாகவும் இருக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். ஓரத்தில் வைத்து இறுக்கினால் நடுவுக்கு வரும்போது பற்கள் கடித்துக்கொள்ளும். சுற்றை எண்ணி நடுவைக் கண்டுபிடியுங்கள். இறுக்கியபின் வீலைக் கோடியிலிருந்து நடுவைத் தாண்டித் திருப்பும்போது எங்கும் தடை படக் கூடாது. வளைவிலிருந்து வந்த ஸ்டீயரிங் தானாக நேராகவில்லை என்றால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள்.

8. மேனுவலையே வச்சுக்கறேன். லேசாக்க என்னென்ன செய்யலாம்?

4, 5, 7-ல் சொன்னவற்றை முடித்த பிறகும் கொஞ்சம் கனம் இருந்தால், முதலில் டயரைப் பாருங்கள். அசல் அகலத்துக்குப் பக்கத்தில் உள்ள ரேடியல் போதும். வீலை அசல் அமைப்புக்குக் கொண்டுவாருங்கள். பெரிய ஸ்டீயரிங் வீலைத் திரும்பப் போடுங்கள். இந்த மூன்றே பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும்.

பாக்ஸுக்குள் என்ன ஊற்றியிருக்கிறது என்றும் பாருங்கள். சீல் ஒழுகுகிறது என்று பலர் கெட்டியான வீல் பேரிங் கிரீஸை அடைத்து வைத்திருப்பார்கள். பற்கள் சுற்றச் சுற்ற அது ஒருமுறை ஒதுங்கினால் திரும்பி வராது. நடுவில் சுரங்கம் மாதிரி வெறுமையாகி, பற்கள் உலர்ந்தே ஓடும். கையேட்டில் சொன்ன கியர் ஆயில், ஒழுகினால் கூழ் பதத்தில் கிடைக்கும் அரைத் திரவ கிரீஸ், இந்த இரண்டில் ஒன்றுதான்.

ஓட்டும் பழக்கமும் உண்டு. நிற்கும் வண்டியில் வீலை ஒடிக்காதீர்கள். கிளட்சை மெல்ல விட்டு, டயர் அரைச் சுற்று உருளும்போதே திருப்புங்கள். ஒல்லியான டயரோடு இது ஒரு வாரத்தில் கைவந்துவிடும். குழியும் கல்லுமான பாதையில் கட்டைவிரலை வீலின் கம்பிக்குள் விடாமல் வெளியே வையுங்கள். மேனுவலில் சக்கரம் வாங்கும் அடி வீலுக்கு வந்து சேரும்.

9. டயர்ல காத்து அதிகமா ஏத்தினா லேசாகும்தானே?

ஆகும். ஆனால் டயர் தாங்கும் அளவுக்குள். அதிகம் ஏற்றினால் பிரேக் பிடிக்கும்போது தரையில் பிடிமானம் குறையும், டயர் நடுவில் தேயும். காற்று குறைவாக இருந்ததைச் சரியான அளவுக்கு ஏற்றி லேசானால் அது லாபம். அதற்கு மேல் போய் ஸ்டீயரிங்கைக் குணப்படுத்தப் பார்க்க வேண்டாம்.

10. அப்ப யாருக்குத்தான் பவர் தேவை?

வி8, அதிலும் இரும்பு வார்ப்பில் செய்த பெரிய வி8 இருந்தால் தேவை. முன்னால் அகல டயரை விட மனமில்லை என்றாலும் தேவை. தினமும் நெரிசலில் ஓட்டி, இடுக்கில் நிறுத்தி எடுக்க வேண்டியிருக்கிறதா? நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியா? பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பீர்களா? இவற்றில் இரண்டுக்கு ஆம் என்றால் தயங்காமல் பவர் போடுங்கள். தோள், மணிக்கட்டில் வலி உள்ளவர் ஓட்டுவதென்றால் அந்த ஒரு காரணமே போதும்.

ஆறு சிலிண்டர், ஒல்லி டயர், வாரக்கடைசியில் ஒரு சவாரி என்றால் நான் மேனுவலைத்தான் சொல்வேன். தரையில் நடப்பது அப்படியே கையில் தெரியும். ஹோஸ் இல்லை, பம்ப் இல்லை, ஒழுகுவதற்கும் அதிகம் எதுவும் இல்லை. அந்த வண்டியின் சுபாவமும் அதில்தான் இருக்கிறது. அதை இழந்துவிட்டு வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

11. பவர்ல எத்தனை வகை இருக்கு? எது நல்லது?

பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் 1926-லேயே ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கை ஒரு பியர்ஸ்-ஏரோ காரில் பூட்டி ஓட்டிக் காட்டிவிட்டார். விற்பனைக்கு வந்த காரில் அது வர 1951 ஆனது, கிரைஸ்லர் இம்பீரியலில். அதற்குப் பிறகு வந்தவற்றில் நம் வண்டிகளுக்குப் பொருந்துவது நான்கு வகை.

ஒன்று, பாக்ஸுக்குள்ளேயே ஹைட்ராலிக் பிஸ்டன் இருப்பது. சேகினா பாக்ஸ்கள் இந்த ரகம். உறுதியானது, உதிரி கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் உண்டு. பெரும்பாலான பிக்கப்புக்கு இதுவே என் முதல் தேர்வு. இரண்டு, மேனுவல் பாக்ஸை அப்படியே விட்டு, லிங்க்கேஜில் (சக்கரத்தைத் திருப்பும் கம்பிகளில்) தனியாக ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர் தள்ளுவது. அறுபதுகளின் வண்டிகளில் உண்டு. விகிதம் மாறாது, அதனால் சுற்று குறையாது. வெளியே தொங்கும் வால்வும் ஹோஸ்களும் ஒழுகிக்கொண்டே இருக்கும். உங்கள் வண்டி அதோடு பிறந்தது என்றால் காப்பாற்றி வையுங்கள், புதிதாகப் போடாதீர்கள். மூன்றாவது ரேக் அண்ட் பினியன், அதாவது பாக்ஸுக்குப் பதில் பல் வைத்த சட்டம் பக்கவாட்டில் நகர்ந்து சக்கரத்தைத் திருப்புவது. நான்காவது எலக்ட்ரிக். இவை 14, 15-ல்.

12. பவர் பாக்ஸ் வாங்கிட்டேன். வேற என்ன வேணும்?

பம்ப், அதன் பிராக்கெட், எஞ்சினின் முன்புல்லியில் இன்னொரு பள்ளம், பெல்ட், அழுத்த ஹோஸ், திரும்பும் ஹோஸ், புதிய பாக்ஸுக்கு ஏற்ற பிட்மேன் ஆர்ம், காலத்தையும் பாக்ஸையும் இணைக்கும் ஜாயின்ட். ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் தரையில் பரப்பிவைத்துப் பாருங்கள். ஜாயின்ட்டின் பற்களின் எண்ணிக்கை, பிட்மேன் ஆர்மின் துளையளவு, ஹோஸ் முனையின் மரை, இந்த மூன்றில் ஒன்று பொருந்தாமல்தான் வேலை பாதியில் நிற்கும்.

பம்ப் புல்லி மற்ற புல்லிகளோடு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒரு நேரான பட்டையை வைத்துப் பாருங்கள். கோணலாக இருந்தால் பெல்ட் கத்தும், புரண்டு விழும். ஹோஸ் சைலன்சர் குழாயை உரசாமல் போக வேண்டும். சூடான குழாய்மேல் எண்ணெய் பீய்ச்சினால் தீப்பிடிக்கும். இந்த ஒரு இடத்தில் "அப்புறம் பார்த்துக்கலாம்" வேண்டாம்.

சேஸிஸையும் மறக்க வேண்டாம். பவர் பாக்ஸ் சேஸிஸை முறுக்கும் பலம் மேனுவலைவிட அதிகம். 1973-க்குப் பிந்தைய ஜி.எம். (செவர்லேயின் தாய் நிறுவனம்) நான்கு சக்கர இழுவை பிக்கப்புகளில் பாக்ஸ் பூட்டிய இடத்தில் சேஸிஸ் விரிசல் விடுவது பிரசித்தம். பழைய வண்டியில் அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

13. என் வண்டியில ஸ்டீயரிங் ராடும் பாக்ஸும் ஒரே துண்டா இருக்கே. அறுக்கணுமா?

ஐம்பதுகள் வரை பல பிக்கப்புகளில் இப்படித்தான். பாக்ஸிலிருந்து நீளும் ஒரே கம்பி உங்கள் நெஞ்சு வரை வரும். பவர் பாக்ஸ் போட அந்தக் கம்பி போயாக வேண்டும், வேறு காலம் வேண்டும். அசலை அறுக்காதீர்கள். முழுசாகக் கழற்றி, எண்ணெய் தடவி, சுற்றி வைத்துவிட்டு வேறு காலத்தைப் போடுங்கள்.

மாற்றுவதாக இருந்தால் மோதலில் மடங்கும் காலமாகவே போடுங்கள். முன்னால் இடித்தால் ஒரே துண்டுக் கம்பி ஈட்டி மாதிரி பின்னால் வரும். பவர் வேண்டாம் என்பவர்களுக்கும் இந்த ஒன்றை மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இணைக்கும்போது ஒரு ஜாயின்ட் 30 டிகிரிக்கு மேல் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு ஜாயின்ட். மூன்று வந்துவிட்டால் நடுவில் ஒரு தாங்கி பேரிங் கட்டாயம், இல்லையென்றால் ராடு கயிறு மாதிரி துள்ளும். இரண்டு ஜாயின்ட்டின் கவைகளும் ஒரே திசையில் நிற்க வேண்டும். மாறி நின்றால் வீலைச் சுற்றும்போது ஓரிடத்தில் லேசாகவும் ஓரிடத்தில் கனமாகவும் வரும்.

14. ரேக் அண்ட் பினியன் போட்டா கார் மாதிரி இருக்குமாமே?

முன் சஸ்பென்ஷனே தனித்தனியாக மாறியிருந்தால் போடலாம். ஒரே இரும்புக் கட்டையான முன் ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள வண்டியில் வேண்டாம். ரேக் சேஸிஸில் நிற்கும், ஆக்சில் மேலும் கீழும் போகும். ஒவ்வொரு குழியிலும் டை ராடின் தூரம் மாறி, நீங்கள் திருப்பாமலே சக்கரம் திரும்பும். ரேக்கை ஆக்சிலிலேயே பூட்டுகிறவர்களும் உண்டு. அப்போது குழியின் அடி முழுவதும் ரேக்குக்குப் போகும், ஹோஸ்கள் ஓயாமல் அசையும். நான் செய்ய மாட்டேன்.

செவர்லே 1960-லேயே தனித்தனி முன் சஸ்பென்ஷனுக்கு மாறிவிட்டது. ஃபோர்டு 1965-ல் இரட்டை ஐ-பீமுக்கு (பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீள ஆக்சில் கைகள்) போனது. இரட்டை ஐ-பீமிலும் ரேக் சரிவராது, அதன் கைகள் நீளமாக வளைந்து ஆடுவதால் அதே சிக்கல். ஃபோர்டு மஸ்டாங் II காரின் வகை முன்பக்கத்தை முழுசாகவே மாற்றிப் போட்டவர்களுக்குத்தான் ரேக் இயல்பாகப் பொருந்தும். அப்படிப் போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜி.எம். பம்ப் தரும் அழுத்தமும் ஓட்டமும் அந்த ரேக்குக்கு அதிகம். தொட்டாலே துள்ளும். பம்பில் குறைக்கும் வால்வு போட வேண்டும்.

15. எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் சுலபமாமே? ஹோஸ், பம்ப் எதுவும் வேண்டாமே?

உண்மைதான். டாஷ்போர்டுக்கு அடியில் காலத்தோடு சேரும் ஒரு மோட்டார், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. எஞ்சின் அறையைத் தொடவே வேண்டாம், பார்வைக்கு வண்டி அசலாகவே இருக்கும். 2002 முதல் 2007 வரை வந்த சாட்டர்ன் வியூ காரின் அமைப்பைப் பழைய வண்டிகளில் போடுவது பரவலான வழக்கம். வேகத் தகவல் வராதபோது அது ஒரு நிலையான உதவியைத் தந்துகொண்டே இருக்கும். அதைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறு பெட்டி போடுவார்கள்.

இரண்டு எச்சரிக்கை. மேனுவல் பாக்ஸ் அப்படியே இருப்பதால் சுற்று குறையாது, 2-ல் சொன்ன லாபத்தில் பாதி கிடைக்காது. அடுத்து, மோட்டாரின் பலம் முழுவதும் பழைய காலம், ஜாயின்ட், பாக்ஸ் வழியாகத்தான் கீழே இறங்கும். அவை தேய்ந்திருந்தால் உங்கள் கையைவிட வேகமாக மோட்டார் அவற்றை முடித்துவிடும்.

16. என் வண்டி 6 வோல்ட். எலக்ட்ரிக் போட முடியுமா?

அப்படியே முடியாது. 1955-ன் நடுவில் செவர்லே பிக்கப்புகளும், 1956-ல் ஃபோர்டு பிக்கப்புகளும் 12 வோல்ட்டுக்கு மாறின. அதற்கு முந்தையது என்றால் முதலில் 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். ஃபோர்டாக இருந்தால் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை சேஸிஸோடு சேர்ந்திருப்பது) என்பதையும் மாற்ற வேண்டும்.

12 வோல்ட் வண்டியிலும் டைனமோ போதாது. வண்டியை நிறுத்தும்போதுதான் மோட்டார் அதிகம் இழுக்கும், உச்சத்தில் 50 ஆம்பியர் வரை போகலாம். அந்த நேரம் எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும், டைனமோ ஏறக்குறைய எதுவும் தராது. ஆல்டர்னேட்டர் போட்டு, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயரும் ஃபியூஸும் கொடுங்கள்.

17. ஓடும்போது எஞ்சின் நின்னுட்டா பவர் ஸ்டீயரிங் லாக் ஆயிடுமா?

லாக் ஆகாது. பாக்ஸுக்குள் இரும்பு இரும்பைத்தான் தள்ளுகிறது, எண்ணெய் உதவி மட்டும்தான் போகும். ஆனால் அது பழைய மேனுவல் அளவு கனம் என்று எண்ணிவிடாதீர்கள். 24:1-லிருந்து 16:1-க்கு வந்திருக்கிறீர்கள். அந்தக் கணக்கிலேயே ஒன்றரை மடங்கு பலம் வேண்டும். உள்ளே தேங்கிய எண்ணெயையும் சேர்த்துத் தள்ள வேண்டும். ஆளில்லாத இடத்தில் மெதுவாகப் போகும்போது ஒருமுறை எஞ்சினை நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். சாவியில் ஸ்டீயரிங் பூட்டும் வகைக் காலம் போட்டிருந்தால் சாவியைப் பூட்டும் இடம் வரை திருப்பிவிடாதீர்கள்.

18. பவர் போட்டதிலிருந்து வேகத்துல வண்டி அலையுது. பாக்ஸ் சரியில்லையா?

பாக்ஸைக் குறை சொல்லும் முன் காஸ்டரைப் பாருங்கள். கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் அது. சைக்கிளின் முன் கவை சாய்ந்திருப்பது போல. அந்தச் சாய்வுதான் வண்டியை நேராக இழுத்து நிறுத்துகிறது. சாய்வு கூடினால் திருப்பக் கனமாகும் என்பதால் மேனுவல் வண்டிகளில் அதைக் குறைவாக வைத்தார்கள். பவர் வந்தபின் அந்தக் கனம் கவலை இல்லை, அதனால் மூன்றிலிருந்து ஐந்து டிகிரி வரை கூட்டிக்கொள்ளலாம்.

பட்டை ஸ்பிரிங்கின் அடியில் ஆக்சில் இருக்கும் வண்டியில், இரண்டுக்கும் நடுவே ஆப்பு மாதிரித் தகடு வைத்தால் போதும். தடித்த முனை பின்பக்கம் வர வேண்டும். இதை மாற்றி வைத்துவிட்டு "முன்னைவிட மோசம்" என்று திரும்பி வந்தவர்கள் பலர். டோ-இன்னையும் (முன் சக்கரங்களின் முன்புறம் சற்று உள்நோக்கியிருக்கும் அளவு) பாருங்கள். பழைய கையேட்டின் அளவு அந்தக் காலத்து டயருக்கானது, ரேடியலுக்கு அதைவிடக் குறைவாகத்தான் வைக்க வேண்டும்.

19. முழுசா ஒடிச்சா "ஊஊ"ன்னு கத்துது. எண்ணெயும் நுரைக்குது.

நுரைத்தால் உள்ளே காற்று. முன்பக்கத்தைத் தூக்கி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், எண்ணெய் நிரப்பிக்கொண்டே வீலை மெல்ல இருபது தடவை கோடிக்குக் கோடி திருப்புங்கள். குமிழி நின்றபின் ஸ்டார்ட் செய்யுங்கள். பம்பைச் செய்தவர் சொன்ன எண்ணெயையே ஊற்றுங்கள்.

கோடியில் மட்டும் கத்தினால் அது அழுத்தம் விடுவிக்கும் வால்வின் சத்தம், அது இயல்பு. ஆனால் அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், எண்ணெய் வேகமாகச் சூடேறிவிடும். ஒடித்ததும் வீலை ஒரு விரலளவு திரும்ப விடுங்கள்.

20. பாக்ஸை மாத்திப் பூட்டினேன். வலது பக்கம் திருப்பினா சக்கரம் இடது பக்கம் போகுது!

வெல்டிங் முடிந்தபின் இந்தக் கேள்வியோடு வந்தவர்களைப் பார்த்து உண்மையிலேயே வருத்தப்பட்டிருக்கிறேன். பிட்மேன் ஆர்ம் முன்னோக்கி நீளும்போது ஒரு திசை, பின்னோக்கி நீளும்போது எதிர்த்திசை. வேறு வண்டியின் பாக்ஸை எடுக்கும்போதும், இடப்பக்கத்துக்குச் செய்த பாக்ஸை வலப்பக்கச் சட்டத்தில் பூட்டும்போதும் இது நடக்கும்.

பாக்ஸை முதலில் கிளாம்ப் போட்டு நிறுத்தி, பிட்மேன் ஆர்மும் டிராக் லிங்க்கும் மாட்டி, கையால் திருப்பிப் பாருங்கள். திசை சரியா, இரு பக்கமும் சுற்று சமமா, வண்டியை ஜாக்கியில் ஏற்றி இறக்கினால் சக்கரம் தானாகத் திரும்புகிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டு வெல்டிங்குக்குப் போங்கள். டிராக் லிங்க்கையோ பிட்மேன் ஆர்மையோ சூடாக்கி வளைப்பது, வெட்டி ஒட்டுவது எதுவும் கூடாது. சரியான நீளத்தில் செய்ததை வாங்குங்கள்.

21. பவர் போட்டா வண்டியோட மதிப்பு குறைஞ்சிடுமா?

துளை போடாமல், அறுக்காமல், போல்ட்டில் மட்டும் பூட்டி, கழற்றிய அசல் பாகங்கள் எல்லாவற்றையும் பெயர் எழுதி வைத்திருந்தால் குறையாது என்றே சொல்வேன். வாங்குபவர் விரும்பினால் ஒரு வாரக்கடைசியில் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். சேஸிஸை அறுத்துவிட்டால் அது திரும்ப வராது. எண்கள் முதற்கொண்டு அசலாக இருக்கும் அபூர்வ வண்டி என்றால் மேனுவலை அப்படியே விடுங்கள்.

22. அப்பாவோட வண்டி. அவருக்கு இப்ப தோள் வலி, ஆனா வண்டிய மாத்தக் கூடாதுங்கறார். என்ன செய்யறது?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. முதலில் 4, 5, 8-ஐ அவரோடு சேர்ந்தே செய்யுங்கள். அந்தரத்தில் இரண்டு விரலால் திருப்பிக் காட்டும்போது அவரே எங்கே பிடிக்கிறது என்று சொல்லிவிடுவார், அந்த வண்டியை அவரைவிட யாருக்குத் தெரியும்? அதிலேயே தீர்ந்தால் நல்லது.

தீராவிட்டால் எலக்ட்ரிக்தான். எஞ்சின் அறையும் பாக்ஸும் மாறாது, மோட்டார் டாஷுக்கு அடியில் மறைந்துவிடும், அவர் பிடித்துப் பழகிய பெரிய ஸ்டீயரிங் வீலும் அதே இடத்தில் இருக்கும். உதவியைக் குறைவான நிலையில் வைத்து முதலில் அவர் கையில் கொடுங்கள். எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை அவரே திருகிப் பார்த்து முடிவு செய்யட்டும்.